'எழுது' என்று எழுதத் தெரியாத கணிப்பொறி

(அறிவியல் கட்டுரை – பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

ஒரு நாட்டின் பொறியாளர்கள் ஒரு கருவியைத் தம் சொந்த அறிவால் உருவாக்குகிறார்கள். அந்நாட்டு மக்கள் அதை ஆவலோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டு செல்கிறார்கள். ஆனால் அந்தக் கருவிக்கு அந்நாட்டு மொழியை முழுமையாக எழுதத் தெரியவில்லை! இப்படியும் நடக்குமா என்று கேட்கலாம். 1979-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்தது. அந்தக் கருவியின் பெயர் பிசி-8001. ஜப்பானின் முதல் வீட்டுக் கணிப்பொறிகளுள் பெரும் புகழ் பெற்ற அதனைப் பற்றி, பள்ளித் தோழியருக்கும் பெற்றோருக்கும் விளங்கும் வண்ணம் இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

பிசி-8001-ஐத் தயாரித்தது நிப்பான் எலக்ட்ரிக் கம்பெனி. சுருக்கமாக என்.இ.சி. என்பார்கள். பெரிய அலுவலகங்களுக்கான கணிப்பொறிகளைச் செய்யும் பிரிவு அந்நிறுவனத்தில் தனியாக இருந்தது. ஆனால் வீட்டுக் கணிப்பொறியை அந்தப் பிரிவு செய்யவில்லை என்பது வியப்புக்குரியது. மின்னணுச் சில்லுகளை விற்கும் பிரிவினர்தாம் அதைச் செய்தனர். நுண்செயலி என்னும் புதிய சில்லை விற்க வேண்டுமானால், அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று வாங்குவோர்க்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக 1976 ஆகஸ்டில் டிகே-80 என்ற பயிற்சித் தொகுப்பை 88,500 யென் விலைக்கு வெளியிட்டனர். வாங்குபவரே பற்றவைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டிய ஒரு பலகை அது. இருபத்தைந்து பொத்தான்கள், எட்டு இலக்கங்கள் மட்டும் ஒளிரும் சிறு காட்டி, 512 எழுத்துகள் மட்டுமே கொள்ளும் நினைவகம் ஆகியவை அதில் இருந்தன. திரை கிடையாது. எழுத்துகள் அடங்கிய விசைப்பலகையும் கிடையாது.

பொறியாளர்களுக்கென்று செய்த அந்தப் பலகையை மாணவர்களும் பொழுதுபோக்காக மின்னணுவியல் பயில்வோரும் வாங்கத் தொடங்கினர். அவர்களுக்கு ஐயம் தீர்ப்பதற்காக, 1976 செப்டம்பரில் டோக்கியோவின் அகிஹபாராப் பகுதியில் ரேடியோ கைகான் என்னும் கட்டடத்தின் ஏழாவது மாடியில் 'பிட்-இன்' என்ற இடத்தை என்.இ.சி. திறந்தது. 1978-இல் ஹிட்டாச்சி, ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் வீட்டுக் கணிப்பொறிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அவற்றைத் தொடர்ந்து 1979 மே மாதம் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது பிசி-8001. விலை 1,68,000 யென். கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்த ஒரு ஜப்பானிய இளைஞரின் ஏறத்தாழ ஒன்றரை மாதச் சம்பளம்.

இனி அதன் அமைப்பைப் பார்ப்போம். சற்றுப் பருமனான தட்டச்சுப் பொறி போன்ற தோற்றம். விசைப்பலகையும் கணிப்பொறியின் உள்ளுறுப்புகளும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. திரையைத் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே, இசட்-80 என்னும் புகழ்பெற்ற நுண்செயலிக்கு நிகராக என்.இ.சி.யே செய்த சில்லு ஒன்று, நொடிக்கு 40 லட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் இயங்கியது. எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 16 கிலோபைட். அதாவது 16,384 எழுத்துகள். அதை 32 கிலோபைட் வரை பெருக்கிக்கொள்ளலாம். இக்காலக் கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் சிறு மூலையைக்கூட அதில் வைக்க இயலாது. ஆயினும் அக்காலத்தில் அது தாராளம்.

அழியாத நினைவகம் ஒன்றும் 24 கிலோபைட் அளவில் இருந்தது. அதில் 'என்-பேசிக்' என்னும் கணிப்பொறி மொழி நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. இதன் பயனை விளங்கிக்கொள்ள ஷார்ப் நிறுவனத்தின் கருவியோடு ஒப்பிட வேண்டும். ஷார்ப் எம்இசட்-80கே என்ற கருவியில் திரையும் ஒலிநாடாக் கருவியும் உடம்போடு ஒட்டியே இருந்தன. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் மின்விசையைப் போட்டவுடன் அதற்கு மொழி தெரியாது. ஒலிநாடாவிலிருந்து பேசிக் மொழியை ஏற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். வேறு மொழி வேண்டுமானால் வேறு நாடாவை ஏற்றலாம் என்பது அதில் உள்ள நன்மை. பிசி-8001-இலோ விசையைப் போட்டதும் வேலையைத் தொடங்கிவிடலாம். பொறுமை குறைந்தவர்களுக்குப் பின்னதே நல்லது என்பது என் கருத்து.

பேசிக் மொழியை 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக உருவாக்கினர். பிசி-8001-இல் இருந்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எழுதிய பேசிக். ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை அறிந்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் 10, 20, 30 என எண்ணிட்டுக் கட்டளைகளை எழுதிக்கொண்டே போகலாம். இடையில் ஒரு வரி விட்டுப்போனால் 15 என்று எண்ணிட்டு நுழைத்துவிடலாம். பத்துப் பத்தாக எண்ணிடுவது அதற்காகத்தான். டார்ட்மத்திலும் சில காலம் பயின்ற அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்பவரே 1965-இல் அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி என்ற செய்தியை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார்.

பிசி-8001-இன் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள் வீதம் 25 வரிகள் தோன்றும். படம் வரைய வேண்டுமானால், ஓர் எழுத்தின் இடத்தை எட்டுச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். அகலத்தில் இரண்டு, உயரத்தில் நான்கு. ஆகவே குறுக்கே 160, நெடுக்கே 100 கட்டங்கள் கிடைக்கும். கோலப் புள்ளிகளைப் போல அந்தக் கட்டங்களை ஏற்றியும் அணைத்தும் படம் வரையலாம். நிறங்கள் எட்டு. ஏன் எட்டு? வண்ணத்திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் ஆனது. ஒவ்வோர் ஒளிக்கும் எரிதல், அணைதல் என இரண்டே நிலைகள். 2 × 2 × 2 = 8. மூன்றும் அணைந்தால் கருப்பு. மூன்றும் எரிந்தால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். ஓவிய வகுப்பில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் அழுக்கு நிறம்தான் வரும். ஒளியின் கணக்கு வேறு, வண்ணக் குழம்பின் கணக்கு வேறு.

இதில் ஒரு சிக்கனமும் உண்டு. ஒரு வரியில் நிறமோ தன்மையோ இருபது முறைக்கு மேல் மாற முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்க இரண்டு பைட் தேவை, இருபதுக்கு 40. எழுத்துகளுக்கு 80. ஆக வரிக்கு 120, இருபத்தைந்து வரிகளுக்கு 3,000 பைட். இந்த 3,000-மும் அந்த 16 கிலோபைட்டிலிருந்துதான் எடுக்கப்பட்டது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எழுதிய நிரலைச் சேமிக்கச் சாதாரண டேப்ரிக்கார்டரே போதும். பாட்டுக் கேட்கும் கேசட்டில், நொடிக்கு 600 துடிப்புகள் என்ற வேகத்தில், கீச்சென்ற ஒலியாக நிரல் பதிவாகும். நினைவகம் முழுவதையும் பதிய ஐந்து நிமிடங்கள் போல ஆகும். நிரல்களை எங்கிருந்து பெற்றார்கள்? 'ஐ/ஓ', 'ஆஸ்கி' போன்ற மாத இதழ்கள் விளையாட்டுகளின் நிரல்களை வரிவரியாக அச்சிட்டன. வாங்கியவர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். ஓர் எழுத்துத் தவறினாலும் நிரல் ஓடாது. ஆகவே பிழை தேடும் பழக்கம் தானாகவே வந்தது. அந்தத் தலைமுறை ஜப்பானியப் பொறியாளர் பலர் இப்படித்தான் கற்றனர். பிசி-8001 சுமார் 2,50,000 கருவிகள் விற்றன.

இவ்வளவு சிறப்புகள் இருந்தும் மொழி விஷயத்தில் அது தடுமாறியது. அதைப் புரிந்துகொள்ள ஜப்பானிய எழுத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானியர்கள் இரண்டு வகை எழுத்துகளைக் கலந்து எழுதுகிறார்கள். ஒன்று கானா. இது ஒலியைக் குறிப்பது. ஹிரகானா, கத்தகானா என இரு வடிவங்களில் அமைந்தது. அடிப்படை எழுத்துகள் 46. அ, இ, உ, எ, ஒ என்று உயிர்களில் தொடங்கி, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசை செல்லும். நமக்குப் பழக்கமான வரிசையாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? புத்த சமய நூல்களோடு அங்குச் சென்ற சித்தம் என்னும் இந்திய எழுத்துமுறையைக் கற்ற துறவிகளால் வந்த வரிசை இது.

மற்றொன்று சீனத்திலிருந்து வந்த கான்ஜி. நாம் குடிக்கும் கஞ்சியோடு குழம்பாதிருக்க இப்படி எழுதுகிறேன். இது பொருளைக் குறிப்பது. மரத்தைக் குறிக்க ஓர் எழுத்து உண்டு. அதையே இரண்டாக அடுத்தடுத்து எழுதினால் தோப்பு. மூன்றாக அடுக்கினால் காடு. பார்த்தவுடன் பொருள் விளங்கும். ஆனால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில்.

பிசி-8001 கத்தகானாவை நன்றாகவே எழுதியது. ஜப்பானியத் தொழில் தரக் குறியீடு ஒன்று 1969-இலேயே அதற்கு வழி செய்திருந்தது. எட்டு இலக்கக் குறியீட்டில் 256 இடங்கள். முதல் பாதியில் ஆங்கில எழுத்துகள், மறுபாதியில் 63 கத்தகானா எழுத்துகளும் குறிகளும். அதிலும் இடச் சிக்கனம்! 'க' என்பதை 'கங்கை'யின் 'க' போல ஒலிக்கச் செய்ய ஜப்பானியர் எழுத்தின் தலையில் இரு சிறு கோடுகள் இடுவர். கணிப்பொறியில் அந்தக் கோடுகளுக்குத் தனி எழுத்து, தனி இடம்.

கான்ஜிக்கு மட்டும் வழியில்லை. ஏன் என்று அறிய, உங்கள் கணக்கு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிசி-8001 ஓர் எழுத்தை 8-க்கு 8 புள்ளிகளில் எழுதியது. ஆகவே எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒன்று வரையுங்கள். ஆங்கில எழுத்துகளை அதற்குள் எழுதிவிடலாம். கத்தகானாவும் அடங்கும். இப்போது 'எழுது' என்னும் பொருளுடைய கான்ஜியைப் பார்ப்போம். மூன்றாம் வகுப்புக்குள் எல்லா ஜப்பானியக் குழந்தைகளும் கற்கும் எளிய எழுத்து அது. அதில் குறுக்குக் கோடுகள் மட்டும் எட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக. இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையே ஒரு வரிசை வெற்றிடம் வேண்டும். எட்டுக் கோடுகள், இடையில் ஏழு வெற்றிடங்கள். மொத்தம் 15 வரிசைகள். எட்டு வரிசைக் கட்டத்தில் அதை எப்படி எழுதுவது? எழுதினால் மைக்கறைதான் மிஞ்சும். 16-க்கு 16 கட்டமாக இருந்தால் மட்டுமே அது ஒருவாறு அடங்கும்.

சரி, பதினாறு புள்ளியிலேயே எழுதுவோம் என்றால் நினைவகம் குறுக்கே நிற்கும். 16 × 16 = 256 புள்ளிகள்; எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 32 பைட். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று 1978-இல் ஜப்பானியத் தரக் குறியீடு வகுத்த முதல் நிலைக் கான்ஜிகள் 2,965. அவற்றின் வடிவங்களை மட்டும் வைக்க 94,880 பைட் தேவை. பிசி-8001-இல் இருந்தது 16,384. திரைக்கான 3,000-ஐக் கழித்தால் மீதி 13,384. வேறு எதற்கும் இடம் வைக்காமல் முழுவதையும் கான்ஜிக்கே கொடுத்தாலும் 418 எழுத்துகள்தாம் அடங்கும். இன்றைய ஜப்பானியப் பாடத்திட்டப்படி மூன்றாம் வகுப்பை முடிக்கும் குழந்தைக்கே 440 கான்ஜிகள் தெரிந்திருக்க வேண்டும்! திரைக்கும் இதே கதிதான். முன்னே சொன்ன 160-க்கு 100 கட்டங்களில் கான்ஜியைப் படமாக வரைந்தால் குறுக்கே பத்து, நெடுக்கே ஆறு. திரை முழுவதும் அறுபதே எழுத்துகள்.

கானா இருக்கிறதே, அதிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். தந்திகளை ஜப்பானியர் அப்படித்தான் கத்தகானாவில் அனுப்பினர். ஆனால் ஜப்பானிய மொழியில் ஒரே ஒலியுடைய சொற்கள் மிகுதி. 'ஹஷி' என்றால் பாலம். உணவு உண்ணும் குச்சிகளும் ஹஷிதான். ஓரம் என்பதும் ஹஷிதான். கான்ஜியில் மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யுமிகோ என்ற பெண்ணின் பெயரை 'காரணம், அழகு, குழந்தை' என்ற மூன்று எழுத்துகளால் எழுதுவோர் உண்டு. 'வில், குழந்தை' என்ற இரண்டால் எழுதுவோரும் உண்டு. பெற்றோர் பெயர் சூட்டும்போது எண்ணிய பொருள் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. கத்தகானாவில் இரு யுமிகோக்களும் ஒருவரே. பிசி-8001-ஐ உருவாக்கிய பிரிவின் தலைவர் வதனாபே கசுயா. தாம் உருவாக்கிய கருவியில் தம் பெயரின் ஒலியை மட்டுமே அவரால் எழுத முடிந்திருக்கும்.

இது வெறும் வசதிக் குறைவு அன்று. கான்ஜியை விட்டுவிட்டுக் கானாவில் மட்டும் எழுதவேண்டும் என்று வற்புறுத்திய இயக்கம் ஒன்று 1920 முதலே ஜப்பானில் இருந்தது. தட்டச்சுப் பொறிக்குக் கான்ஜி ஒத்துவராது என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. சுகிமோத்தோ கியோத்தா 1915-இல் கண்டுபிடித்த ஜப்பானியத் தட்டச்சுப் பொறியில் சுமார் 2,400 எழுத்து அச்சுகள் ஒரு தட்டில் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடிக்க வேண்டும். கணிப்பொறியும் கைவிட்டிருந்தால் அந்த இயக்கத்தாரின் வாதம் வலுப்பெற்றிருக்கும். கருவிக்காக எழுத்தை மாற்றுவதா, எழுத்துக்காகக் கருவியை மாற்றுவதா என்பதே கேள்வி.

விடை அப்போதே உருவாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு எட்டாத விலையில். தோஷிபா நிறுவனத்தில் மோரி கெனிச்சி தலைமையில் ஒரு குழுவினர் பல்லாண்டு உழைத்து, 1978 செப்டம்பரில் ஜேடபிள்யு-10 என்ற முதல் ஜப்பானியச் சொற்செயலியை அறிவித்தனர். எழுது மேசை அளவு பெரியது. விலை 63 லட்சம் யென். அந்தப் பணத்துக்கு முப்பத்தேழு பிசி-8001-கள் வாங்கலாம். அது செய்த வேலை மட்டும் மிக அருமையானது. ஆயிரக்கணக்கான விசைகள் வேண்டாம். ஒலியைக் கானாவில் அடித்தால், உள்ளே இருக்கும் அகராதியைப் பார்த்து அதுவே கான்ஜியாக மாற்றித் தரும். 'ஹஷி ஒ வதரு' என்று அடித்தால், வதரு என்பதற்குக் கடத்தல் என்று பொருள், ஆகவே பாலம். 'ஹஷி தே தபெரு' என்றால், தபெரு என்பதற்கு உண்ணுதல் என்று பொருள், ஆகவே குச்சி. ஐயம் வந்தால் எழுதுபவரே தேர்ந்துகொள்ளலாம்.

நினைவகச் சில்லுகளின் விலை ஆண்டுதோறும் சரிந்தது. 1981-இல் வந்த பிசி-8801-இல் குறுக்கே 640, நெடுக்கே 400 புள்ளிகள் வரை காட்டலாம். கான்ஜி வடிவங்கள் பதித்த சில்லையும் தனியே வாங்கிச் சேர்க்கலாம். 1982 அக்டோபரில் பிசி-9801 வந்தது. 640-ஐயும் 400-ஐயும் பதினாறால் வகுத்துப் பாருங்கள். வரிக்கு 40 கான்ஜிகள், 25 வரிகள். ஒரு கடிதம் எழுதப் போதுமான இடம்.

அந்தக் கருவிக்கு ஏற்ற சொற்செயலி டோக்கியோவிலிருந்து வரவில்லை. ஷிகோகு தீவிலுள்ள தொகுஷிமா என்னும் ஊரில், உகிகவா கசுனோரி, ஹத்சுகோ என்னும் கணவனும் மனைவியும் 1979-இல், அதாவது பிசி-8001 வெளிவந்த அதே ஆண்டில், ஜஸ்ட்சிஸ்டம் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். ஹத்சுகோ அம்மையார் நிரல் எழுதும் பொறியாளர். அவர்களுடைய 'இச்சிதாரோ' 1985-இல் வெளிவந்து ஜப்பான் முழுவதும் பரவியது. ஜேடபிள்யு-10 மேசை அளவில் செய்த வேலையை வீட்டு மேசை மீதிருந்த கருவி செய்தது. 'எழுது' என்னும் எழுத்தின் எட்டுக் கோடுகளும் தனித்தனியே தெரிந்தன.

பழைய கத்தகானாக் குறியீடு மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஜப்பானில் ஒருவர் மற்றொருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயர் இன்றும் அந்தக் கத்தகானாவில்தான் செல்கிறது. வதனாபே என்ற பெயருக்கு நான்கு எழுத்துகள். கடைசி எழுத்தின் தலையிலுள்ள இரு கோடுகளுக்குத் தனி இடம். ஆக ஐந்து கட்டங்கள்.